ஒருவேளை மருத்துவராகலாம் என்று எண்ணும் நாம் எங்கே படிப்பது?

‘படித்து என்ன ஆகப் போகிறீர்கள்?’ என்று எந்தப் பள்ளியில், எந்த வகுப்பில் கேட்டாலும் பாதிக் கைகள் ‘டாக்டர்’ என்று உயரும். ஆறாம் வகுப்பில் இந்த விடை எளிது. பத்தாம் வகுப்புக்கு வந்த பின் அதே விடைக்கு முன்னால் ‘ஒருவேளை’ என்ற சொல் தானாகவே வந்து உட்கார்ந்து கொள்கிறது. ஒருவேளை மருத்துவம் கிடைக்கலாம். ஒருவேளை கிடைக்காமலும் போகலாம். இந்த ‘ஒருவேளை’யைக் கையில் வைத்துக்கொண்டு, அடுத்து எந்தப் பிரிவில் சேர்வது, பின்னர் எந்தக் கல்லூரியை, எந்தப் பல்கலைக்கழகத்தை நாடுவது என்பதே பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில் பயிலும் நம் போன்றோர் முன் நிற்கும் கேள்வி. இதைப் பற்றி எங்கள் வகுப்பு மாணவியர் கூடிப் பேசிய கருத்துகளை இந்த மலரின் வழியே தோழியர் முன்பும் பெற்றோர் முன்பும் வைக்க விரும்புகிறோம்.

பிற நாடுகளில் எப்படி என்று முதலில் பார்ப்போம். அமெரிக்காவில் பள்ளி முடித்தவுடன் எவரும் மருத்துவக் கல்லூரிக்குப் போய்விட முடியாது. நான்கு ஆண்டுகள் ஏதேனும் ஒரு பல்கலைக்கழகத்தில் பட்டப்படிப்பு முடிக்க வேண்டும். அங்கே வரலாறு படித்தாலும் சரி, இசை படித்தாலும் சரி, உயிரியலும் வேதியியலும் இயற்பியலும் உடன் படித்து, அதன்பின் ஒரு நுழைவுத் தேர்வு எழுதி, மேலும் நான்கு ஆண்டுகள் மருத்துவம் பயில வேண்டும். ஆகவே பதினெட்டு வயதில் ஒருவர் மனம் மாறினாலும் அவர் படித்தது வீணாவதில்லை.

நம் நாட்டிலும் ஒரு காலத்தில் இதற்குச் சற்று நெருங்கிய முறை இருந்தது. நம் பாட்டிமார் காலத்தில் எஸ்.எஸ்.எல்.சி. தேறியவர்கள் கல்லூரிக்குச் சென்று ‘புகுமுக வகுப்பு’ என்னும் பி.யு.சி. படித்தார்கள். அந்த ஓராண்டுக்குள் தம் மனத்தைத் தாமே சோதித்துக்கொள்ள இடம் இருந்தது. 1978-இல் தமிழ்நாட்டில் மேல்நிலைக் கல்வி தொடங்கிய பின் அந்த வகுப்பு பள்ளிக்கே வந்துவிட்டது. அமெரிக்க மாணவி பல்கலைக்கழகத்தில் அமர்ந்து செய்யும் முடிவை, நாம் பதினைந்து வயதில், பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலைக் கையில் பிடித்துக்கொண்டு செய்ய வேண்டியிருக்கிறது. அதனால்தான் இது சிறு பெண்கள் பேசும் பேச்சு என்று தள்ளிவிட முடியாது.

எங்கள் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். மருத்துவராக எண்ணும் பெண், மருத்துவம் கிடைத்தால் எங்கே படிப்பது என்று மட்டும் எண்ணுதல் போதாது. கிடைக்காவிட்டால் அந்த ஆண்டு எந்தக் கல்லூரியில், எந்தப் பாடத்தில் சேர்வது என்பதையும் இன்றே, அதே அக்கறையோடு, அதே ஆசையோடு தெரிவு செய்து வைக்க வேண்டும். இரண்டாம் வாசல் ஆறுதல் பரிசு அன்று. பெண்களாகிய நமக்கு அது பாதுகாப்பு.

பெயரா பெரிது?

கல்லூரி என்றதும் நம்மவர் முதலில் கேட்பது பெயரைத்தான். ‘சென்னையா, வேலூரா, தஞ்சாவூரா?’ என்கிறார்கள். சென்னை மருத்துவக் கல்லூரி 1835-இல் தோன்றியது. தஞ்சை மருத்துவக் கல்லூரி 1959-இல் தோன்றியது. திருச்சியில் கி.ஆ.பெ. விசுவநாதம் அவர்களின் பெயர் தாங்கிய அரசு மருத்துவக் கல்லூரி 1997-இல் தொடங்கியது. நம் அரியலூர் அரசு மருத்துவக் கல்லூரியோ இவற்றுக்கெல்லாம் தங்கை. 2022 ஜனவரி 12 அன்று தமிழ்நாட்டில் ஒரே நாளில் திறக்கப்பட்ட 11 புதிய கல்லூரிகளுள் இதுவும் ஒன்று. ஆண்டுக்கு 150 இடங்கள்.

ஆனால் நம்மில் பலர் அறியாத செய்தி ஒன்று உண்டு. இந்த நான்கு கல்லூரிகளுமே தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவை. 1987-ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவான அந்தப் பல்கலைக்கழகமே இவற்றுக்குப் பாடத்திட்டம் வகுத்து, தேர்வு வைத்து, பட்டம் வழங்குகிறது. சென்னையில் படித்தவருக்கும் அரியலூரில் படித்தவருக்கும் எம்.பி.பி.எஸ். பட்டத்தில் பல்கலைக்கழகத்தின் பெயர் ஒன்றே. பழைய கல்லூரியில் நோயாளிகள் மிகுதி, துறைகள் மிகுதி, அனுபவம் வாய்ந்த பேராசிரியர்கள் மிகுதி என்பது உண்மையே. அதற்காகப் புதிய கல்லூரியில் இடம் கிடைத்தவள் கண் கலங்க வேண்டியதில்லை.

வேலூரின் கதையையும் நினைத்துப் பார்க்கலாம். இன்று உலகறிந்த கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி, 1918-இல் ஐடா ஸ்கடர் அம்மையார் பெண்களுக்கென்று தொடங்கிய சிறிய மருத்துவப் பள்ளியாகவே பிறந்தது. அங்கே அன்று பட்டம் கூடக் கிடையாது; மருத்துவம் பார்க்க உரிமம் தரும் எல்.எம்.பி. படிப்பு மட்டுமே. 1942-இல்தான் எம்.பி.பி.எஸ். வகுப்பு வந்தது. அந்த முதல் ஆண்டுகளில் சேர்ந்த பெண்கள் ‘இது புதிய பள்ளி, பெயரில்லாத பள்ளி’ என்று ஒதுங்கியிருந்தால் இன்றைய வேலூர் ஏது? கல்லூரியின் பெயர் மாணவருக்குப் புகழ் தருவது போலவே, மாணவரும் கல்லூரிக்குப் பெயர் தேடித் தருகிறார்கள்.

குறுகிய வாசல்

இனி உள்ளே நுழையும் வழி. 2007 முதல் 2016 வரை தமிழ்நாட்டில் அரசு ஒதுக்கீட்டு மருத்துவ இடங்கள் பிளஸ் டூ மதிப்பெண்ணைக் கொண்டே நிரப்பப்பட்டன. 2017 முதல் நீட் தேர்வே வழி. 180 வினாக்கள், 720 மதிப்பெண். நாட்டிலுள்ள மாணவர் அனைவருக்கும் ஒரே தேர்வு. அது வேண்டுமா வேண்டாமா என்பது சட்டமன்றமும் நீதிமன்றமும் பேசி வந்திருக்கும் பெரிய வழக்கு. அதில் தீர்ப்புச் சொல்ல நாம் வரவில்லை. வாசல் குறுகியது என்பதை மட்டும் மறக்கக் கூடாது என்கிறோம்.

இந்த மண்ணில் அதை மறக்கவும் முடியாது. அரியலூர் மாவட்டம் குழுமூரைச் சேர்ந்த அனிதா, 2017-இல் பிளஸ் டூ தேர்வில் 1200-க்கு 1176 மதிப்பெண் பெற்றவர். அந்த ஆண்டுதான் வழி மாறியது. உச்ச நீதிமன்றம் வரை சென்று தம் போன்றோருக்காக முறையிட்டார். அந்த ஆண்டு செப்டம்பர் 1 அன்று அவரை நாம் இழந்தோம். இன்று அரியலூர் மருத்துவக் கல்லூரியின் கலையரங்கம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. அவரைக் குறை கூற எவருக்கும் உரிமை இல்லை. வழியை மாற்றியவர்கள் பெரியவர்கள், அவர் பதினேழு வயதுச் சிறுமி. ஆயினும் அவர் பெயர் எழுதிய அரங்கைக் கடக்கும்போதெல்லாம் நாம் ஒன்றை உறுதியாகப் பற்றிக்கொள்ள வேண்டும்: எந்தத் தேர்வின் முடிவும் ஓர் உயிரை விடப் பெரிதன்று. மனம் தாளாத நாளில் அம்மாவிடமோ, ஆசிரியையிடமோ, தோழியிடமோ வாய் திறந்து பேசுவோம். அதுவும் கூடவில்லையென்றால் 14416 என்ற எண்ணில் கட்டணமின்றிப் பேச ஆள் இருக்கிறார்கள்.

அரசுப் பள்ளிகளில் ஆறாம் வகுப்பு முதல் பயின்றவர்க்கு 2020-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி மருத்துவ இடங்களில் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு வந்தது. பல எளிய குடும்பத்துப் பிள்ளைகள் அதனால் மருத்துவ மாணவர் ஆனார்கள் என்பதில் நமக்கும் மகிழ்ச்சியே. நம் போன்ற உதவி பெறும் பள்ளி மாணவியர்க்கு அந்த ஒதுக்கீடு இல்லை. கன்னியர் மடப் பள்ளியில் படிப்பதால் நாம் அனைவரும் செல்வர் வீட்டுப் பெண்கள் என்று சிலர் எண்ணுகிறார்கள். சோளமும் பருத்தியும் சின்ன வெங்காயமும் விளைவித்து, விலை இறங்கும்போதெல்லாம் கடன் வாங்குகிற வீடுகளிலிருந்தும், சிமெண்டு ஆலைக்கு லாரி ஓட்டுகிற வீடுகளிலிருந்தும் வருகிறவர்களே நம்மில் பலர். தனியார் மருத்துவக் கல்லூரியின் நிர்வாக ஒதுக்கீட்டுக்கு ஆகும் பல லட்சங்கள் நம் வீட்டுக் கணக்கில் அடங்கா. நிலத்தை விற்று ஒரு மகளைப் படிக்க வைத்தால், அடுத்த மகளுக்கு என்ன மிஞ்சும்?

பெண்ணுக்கு மட்டும் உள்ள இடர்

இங்கேதான் எங்கள் கருத்தின் உயிர்நாடி இருக்கிறது. ஓர் ஆண் பிள்ளை முதல் முறை நீட் தேர்வில் குறைந்த மதிப்பெண் பெற்றால், ‘போகட்டும், இன்னும் ஒரு வருஷம் படிக்கட்டும்’ என்று வீட்டில் சொல்வார்கள். நாமக்கல்லுக்கோ திருச்சிக்கோ பயிற்சிக்கு அனுப்புவார்கள். பெண் பிள்ளைக்கும் அப்படிச் சொல்லும் நல்ல பெற்றோர் உண்டு. ஆனால் எல்லா வீடும் அப்படி இல்லை. கல்லூரி எதிலும் சேராமல் ஒரு பெண் ஓராண்டு வீட்டிலிருந்தால் முதலில் சமையலறை அழைக்கும். பிறகு அத்தையும் மாமாவும் வருவார்கள். அதன்பின் ஜாதகம் வரும். நம் ஊர்களில் நடக்கிற கதைதானே இது! மருத்துவம் கிடைக்காததால் மட்டும் ஒரு பெண் படிப்பை இழப்பதில்லை. மருத்துவம் கிடைக்காத அந்த மாதத்தில் அவள் கையில் வேறொரு கல்லூரியின் சேர்க்கைச் சீட்டு இல்லாததாலும் இழக்கிறாள்.

மீண்டும் எழுதக் கூடாது என்று நாம் சொல்லவில்லை. நீட் தேர்வுக்கு இருந்த மேல் வயது வரம்பு 2022-இல் நீக்கப்பட்டுவிட்டது. ஒரு பட்டப்படிப்பில் சேர்ந்த பின்னும் எழுதலாம், முடித்த பின்னும் எழுதலாம். ஓராண்டு முழுவதும் பயிற்சிக்கே கொடுப்பதாக இருந்தால், அது ஓராண்டுதான் என்று பெற்றோரும் மகளும் முன்கூட்டியே பேசி முடிவு செய்துகொள்ள வேண்டும். முடிவில்லாத காத்திருப்பு எவருக்கும் நல்லதன்று.

இரண்டாம் வாசல் எது?

திருக்குறளில் ‘மருந்து’ என்று ஓர் அதிகாரம் உண்டென்பது நாம் அறிந்ததே. அதில் வள்ளுவர் மருத்துவத்தை நான்கு பகுதியாகக் காண்கிறார்: நோயுற்றவர், நோய் தீர்ப்பவர், மருந்து, அருகிலிருந்து பேணுபவர். நான்கில் ஒன்றுதான் மருத்துவர்! மருந்தைச் செய்வதற்கு மருந்தியல் உண்டு. அருகிலிருந்து பேணுவதற்குச் செவிலியர் கல்வி உண்டு. நடக்க முடியாதவரை நடக்க வைக்க இயன்முறை மருத்துவம் உண்டு. வாயில்லாச் சீவன்களுக்குக் கால்நடை மருத்துவம் உண்டு. ஆடு மாடே வங்கிக் கணக்காக இருக்கும் நம் இரு மாவட்டங்களில் கால்நடை மருத்துவரின் அருமையை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் 1989-இல் தோன்றியது. நாமக்கல்லிலும் ஒரத்தநாட்டிலும் அதன் கல்லூரிகள் இருக்கின்றன. மாநில ஒதுக்கீட்டு இடங்களுக்கு அங்கே பிளஸ் டூ மதிப்பெண்ணே பார்க்கப்பட்டு வருகிறது.

இவை வேண்டாம், அறிவியலே போதும் என்பவர்க்கு 1982-இல் தோன்றிய பாரதிதாசன் பல்கலைக்கழகத்தின் கீழ் திருச்சியிலும் நம் இரு மாவட்டங்களிலும் பல கல்லூரிகள் உள்ளன. 1923 முதல் பெண்களுக்குக் கல்வி தரும் திருச்சி ஹோலி கிராஸ் கல்லூரியும் அவற்றுள் ஒன்று. விலங்கியலோ, உயிர் வேதியியலோ, நுண்ணுயிரியலோ படித்தவர் ஆசிரியையாகலாம், ஆய்வு செய்யலாம், நோய்க் கிருமியைக் கண்டறியும் கூடத்தில் பணியாற்றலாம். ‘டாக்டர்’ என்ற அடைமொழி ஆராய்ச்சியாலும் வரும் அன்றோ!

இந்த வாசல்கள் அனைத்தும் திறந்திருக்க வேண்டுமானால், மேல்நிலை முதலாண்டில் எடுக்கும் பிரிவு சரியாக இருக்க வேண்டும். கணிதமும் உயிரியலும் சேர்ந்த பிரிவு பொறியியல் வாசலையும் திறந்து வைக்கிறது. கணிதம் கசப்பவர் தாவரவியல், விலங்கியல் உள்ள பிரிவில் சேர்வதில் இழுக்கொன்றும் இல்லை. ‘முதல் குரூப்’ என்ற பெருமைக்காகக் கணிதத்தில் மூழ்கி, உயிரியலுக்கு நேரமில்லாமல் தவிப்பதை விட அதுவே மேல். ஆனால் ‘ஒருவேளை மருத்துவம்’ என்று எண்ணுகிறவர் உயிரியலே இல்லாத பிரிவில் சேர்வது, வாசலைத் தானே தாழிடுவது போலாகும்.

ஒரு மறுப்பு

இரண்டு வாசலை எண்ணினால் முதல் வாசலில் மனம் ஊன்றாது என்று சில பெரியோர் சொல்கிறார்கள். கிளியின் கழுத்து மட்டுமே கண்ணுக்குத் தெரிந்த அர்ச்சுனனை எடுத்துக் காட்டுகிறார்கள். கருத்து நல்ல கருத்துதான். குறி வைக்கும்போது குறியை மட்டுமே பார்க்க வேண்டும். ஆயினும் தோழியரே, அர்ச்சுனன் ஒரே ஓர் அம்போடு மரத்தடிக்கு வரவில்லை. அவன் தோளில் அம்பறாத்தூணி இருந்தது. ‘தவறினாலும் எனக்கு வழி உண்டு’ என்று அறிந்தவளின் கைதான் தேர்வு மண்டபத்தில் நடுங்காது. வழியே இல்லை என்று அஞ்சுகிறவளுக்குத் தெரிந்த விடையும் மறந்து போகும்.

அருகிலா, தொலைவிலா?

‘பெண் பிள்ளை; உள்ளூரிலேயே படிக்கட்டும்’ என்பது ஒரு பேச்சு. ‘வெளியூர்க் கல்லூரி என்றால்தான் மதிப்பு’ என்பது இன்னொரு பேச்சு. அச்சத்துக்காக அருகில் சேர்வதும் தவறு, ஆடம்பரத்துக்காகத் தொலைவில் சேர்வதும் தவறு என்பதே எங்கள் எண்ணம். நமக்கு வேண்டிய பாடம் எங்கே நன்றாகக் கற்பிக்கப்படுகிறதோ அங்கே போக வேண்டும்.

நமக்கு அண்டையிலுள்ள புதுக்கோட்டையில் பிறந்த முத்துலட்சுமி ரெட்டி அம்மையாரின் வாழ்க்கை இதற்குச் சான்று. அங்கிருந்த மகாராஜா கல்லூரி ஆண்களின் கல்லூரி. ஒரு பெண் அதில் சேர்வதா என்று எதிர்ப்பு எழுந்தது. மன்னர் மார்த்தாண்ட பைரவ தொண்டைமான் அனுமதி தந்தார். உள்ளூரிலேயே அந்தப் படிப்பை முடித்துக்கொண்டு, 1907-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து, 1912-இல் மருத்துவப் பட்டம் பெற்றார். பின்னர் 1954-இல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையை உருவாக்கினார். அருகில் படிக்க வேண்டிய காலத்தில் அருகிலும், தொலைவுக்குப் போக வேண்டிய காலத்தில் தொலைவிலும் அவர் படித்தார். இரண்டு இடத்திலும் அவருடன் சென்றது துணிவு ஒன்றே.

கேட்க வேண்டிய கேள்விகள்

ஆகவே எந்தக் கல்லூரியின் விண்ணப்பத்தை வாங்கும் முன்பும் நான்கு கேள்விகள் கேட்போம்.

ஒன்று, மருத்துவம் என்ற சொல்லையே மறந்துவிட்டால், இந்தப் பாடத்தை நாம் விரும்பிப் படிப்போமா?

இரண்டு, இந்த நிறுவனத்துக்கு உரிய அங்கீகாரம் உண்டா? மருத்துவம் என்றால் தேசிய மருத்துவ ஆணையம், செவிலியர் கல்வி என்றால் செவிலியர் குழுமம் என்று ஒவ்வொன்றுக்கும் ஓர் அமைப்பு உண்டு. சுவரொட்டியின் வண்ணத்தைக் கண்டு பணம் கட்டிவிட்டுப் பின்னர் வருந்தக் கூடாது.

மூன்று, செலவு என்ன, உதவி என்ன? உயர்கல்வி பயிலும் பெண்களுக்கு மாதம் 1000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022-இல் அரசுப் பள்ளி மாணவியர்க்குத் தொடங்கப்பட்டது. 2024 டிசம்பர் இறுதியில், அரசு உதவி பெறும் பள்ளிகளில் தமிழ் வழியில் பயின்ற பெண்களுக்கும் அது விரிவாக்கப்பட்டது. இத்தகைய உதவிகளை விசாரித்து அறிவது பிச்சை கேட்பதன்று, உரிமையைக் கேட்பது.

நான்கு, எப்படிப் போய் வருவது? அரியலூருக்கு ரயில் உண்டு. பெரம்பலூருக்கு இல்லை. திருச்சிக்குச் சுமார் 60 கிலோமீட்டர் பேருந்தில் தினமும் நின்றுகொண்டே சென்று வருவதா, விடுதியில் தங்குவதா என்பதைச் சேர்க்கைக்கு முன்பே வீட்டில் பேச வேண்டும். சேர்ந்த பின் பேசினால், ‘போதும், நின்றுவிடு’ என்பதே எளிய முடிவாகிவிடும்.

படித்த பின் எங்கே பணி செய்வது என்பதையும் எண்ணத்தான் வேண்டும். 1963-இல் இந்தியக் கத்தோலிக்க ஆயர்கள் பெங்களூரில் தொடங்கிய செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரி, தன் மாணவர்கள் கிராமப்புறங்களில் பணியாற்ற வேண்டும் என்ற நியதியை வைத்திருக்கிறது. நம்மை எவரும் அப்படிக் கட்டாயப்படுத்த வேண்டியதில்லை. இரவு நேரத்தில் பிரசவ வலி கண்ட பெண்ணை ஏற்றிக்கொண்டு நகரத்துக்கு விரையும் வண்டிகளை நாம் பார்த்திருக்கிறோம். அந்த வண்டி வந்து நிற்கும் இடத்தில் மருத்துவராக நின்றாலும், செவிலியாக நின்றாலும், இரத்தத்தைச் சோதித்துச் சொல்பவராக நின்றாலும், அந்தத் தாய்க்கு நாம் வேண்டியவர்களே.

பெற்றோருக்கு ஒரு விண்ணப்பம். மருத்துவம் கிடைத்தால் மட்டும் மகளைப் படிக்க வைப்பேன் என்று சொல்லாதீர்கள். எது கிடைத்தாலும் படிக்க வைப்பேன் என்று இன்றே ஒரு சொல் கொடுங்கள். அந்த ஒரு சொல் எந்தப் பயிற்சி நிலையத்தாலும் தர முடியாத தெம்பை எங்களுக்குத் தரும். தோழியருக்கும் ஒரு வேண்டுகோள். கோடை விடுமுறை முடிவதற்குள் ஒரு தாளில் இரண்டு வரி எழுதுவோம். முதல் வரியில் மருத்துவம். இரண்டாம் வரியில் நாம் விரும்பும் வேறொரு படிப்பும், அதற்குரிய கல்லூரியும். இரண்டாம் வரியை வெறுமையாக விடாதவர்களே முதல் வரிக்காக அச்சமின்றி உழைக்க முடியும் என்பது எங்கள் திண்ணமான எண்ணம்.

— பத்தாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு மாணவியர் சார்பில் ஒரு மாணவி